கேபிளில் வரும் இணையத்தை வீட்டில் இரண்டு கணனிகளுக்கு வைஃபையாகப் பகிர்வது எப்படி?

உவர்மலை வாத்தியார்:
திருகோணமலை உவர்மலையில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மேலே குடியிருக்கும் வீட்டுக்காரர் தமது ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை யன்னல் வழியாக இறக்கித் தந்திருக்கிறார். வாடகையோடு அதற்கும் சேர்த்தே காசு கொடுத்துவிடுகிறேன். வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். மற்றப்படி தங்கமான மனிதர்.

அந்தக் கேபிள் முன் அறையில் எனது மேசைக்கணனிக்கு வருகிறது. விண்டோஸ் 10. உயர்தர மாணவர்களுக்கான கணித வினாத்தாள்களை அதில்தான் தட்டச்சு செய்கிறேன். மனைவியின் மடிக்கணனி சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. கனடாவிலிருக்கும் பேத்தியோடு அவர் பேச வேண்டுமென்றால் நான் கேபிளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கழற்றிக் கழற்றிச் செருகியின் பிளாஸ்டிக் நாக்கு முறிந்து, இப்போது மடித்த கடதாசித் துண்டு ஒன்றுதான் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

சுவரில் துளையிட அனுமதி கிடைக்காது. இந்த மேசைக்கணனியே மற்றதற்கு வைஃபை கொடுக்குமா?

திருக்கடலூர் திருத்துநர்:
கொடுக்கும் ஐயா. ஆனால் மேசைக்கணனியில் வைஃபை வசதி இருக்க வேண்டும். பெரும்பாலான பழைய மேசைக்கணனிகளில் அது இல்லை. இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் வைஃபை டொங்கிள் ஒன்று வாங்குங்கள்.

பிறகு அமைப்புகளுக்குள் நெட்வொர்க் பகுதியில் ‘மொபைல் ஹொட்ஸ்பொட்’ என்று இருக்கும். விண்டோஸ் 10 இல் 2016 ஆம் ஆண்டுப் புதுப்பிப்போடு வந்த வசதி அது. எந்த இணைப்பைப் பகிர்வது என்ற இடத்தில் ஈதர்நெட்டைத் (கேபிள் இணைப்பு) தெரிவு செய்து, பெயரும் கடவுச்சொல்லும் வைத்து இயக்கிவிடுங்கள். எட்டுக் கருவிகள் வரை இணையலாம்.

மடிக்கணனிக்கு 192.168.137 என்று தொடங்கும் ஐபி முகவரி (வலையமைப்பில் அந்தக் கருவியின் இலக்கம்) கிடைத்தால் எல்லாம் சரி. 169.254 என்று தொடங்கினால் முகவரி போய்ச் சேரவில்லை என்று பொருள். தனியாக நிறுவிய வைரஸ் தடுப்பு மென்பொருளின் ஃபயர்வோல் (இணைப்புகளை வடிகட்டும் பகுதி) மறிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டொங்கிளைக் கணனிப் பெட்டியின் முதுகில் செருகாதீர்கள். இரும்புப் பெட்டி அலையை மறைக்கும். ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டு மேசைக்கு மேலே கொண்டுவாருங்கள். பழைய வீட்டுத் தடித்த சுவர் என்றால் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை வேண்டாம், 2.4 போதும்.

நிலாவெளி அக்கா:
தம்பி சொன்னது சரிதான். ஆனாலும் டொங்கிளுக்குக் காசு செலவழிப்பதைவிட ஒரு சிறிய ரவுட்டர் வாங்குவது புத்தி. ஹொட்ஸ்பொட் என்றால், மனைவி இணையம் பார்க்கும் நேரமெல்லாம் ஐயாவின் கணனியும் விழித்திருக்க வேண்டுமே! மின்சாரப் பட்டியலை யார் கட்டுவது? ரவுட்டர் பத்து வாட் அளவில் ஓடிவிடும். எங்கள் விருந்தினர் விடுதியில் அதற்கு மினி யூபிஎஸ் ஒன்றும் வைத்திருக்கிறோம், மின்வெட்டிலும் நிற்பதில்லை.

அந்தச் செருகியையும் மாற்றிவிடுங்கள். நாக்கு முறிந்தது ஒரு பக்கம், கடற்காற்றில் உள்ளே இருக்கும் தகடுகளும் பச்சை பிடித்துவிடும். கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு இது தீராத வேலை.

உவர்மலை வாத்தியார்:
இருவருக்கும் நன்றி. பழைய மாணவன் ஒருவன் டொங்கிளை இரவலாகத் தந்தான். தம்பி சொன்னபடியே செய்தேன், வேலை செய்தது. பேத்தியின் முகம் தெளிவாகத் தெரிந்ததாம். ஆனால் மனைவி மடிக்கணனியை மூடிவிட்டுச் சற்றுப் பிந்தித் திறந்தால் ஹொட்ஸ்பொட் தானாகவே அணைந்து கிடக்கிறது. இது ஏன்?

திருக்கடலூர் திருத்துநர்:
எந்தக் கருவியும் இணைந்திராவிட்டால் சிறிது நேரத்தில் அணைந்துவிடும்படிதான் அது இருக்கிறது. அதே பக்கத்தில் கீழே மின்சேமிப்பு என்ற பொத்தான் இருக்கும், அதை நிறுத்திவிடுங்கள். கணனி உறங்கப் போகும் நேரத்தையும் ‘ஒருபோதும் இல்லை’ என்று மாற்றுங்கள். கணனி உறங்கினால் ஹொட்ஸ்பொட்டும் போய்விடும்.

உவர்மலை வாத்தியார்:
இப்போது அணையாமல் இருக்கிறது. ஆனால் வீட்டில் வேறு தீர்ப்பு வந்துவிட்டது. கனடாவில் மாலையாகும்போது எங்களுக்கு விடியற்காலை. அந்த நேரத்தில் என்னை எழுப்பி, என் கணனியையும் எழுப்பி, அது சோம்பல் முறித்து முடிக்கும்வரை காத்திருக்கத் தன்னால் முடியாது என்கிறார். நியாயம்தான். டொங்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிலாவெளிச் சகோதரி சொன்ன வழிக்கே போகிறேன். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன், அவருக்கு ஆட்சேபனை இல்லை. ரவுட்டரில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

திருக்கடலூர் திருத்துநர்:
ஒன்றுதான். மேல்வீட்டுக் கேபிளை ‘வான்’ (WAN, வெளியிலிருந்து இணையம் வரும் வழி) என்று எழுதிய துளையில் செருகுங்கள். மேல்வீட்டு ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றிருந்து, உங்களுடையதும் அதுவாகவே இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். உங்களுடையதை 192.168.5.1 என்று மாற்றிவிடுங்கள். புதுச் செருகி அடிக்க வேண்டுமென்றால் கேபிள் நுனியை வெட்டாமல் வையுங்கள், செருகியை அழுத்திப் பொருத்தும் கிரிம்பரோடு சனிக்கிழமை வருகிறேன்.