ஆளில்லாத கட்டடத்தில் மின்மானி ஏன் ஓடுகிறது? உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

வவுனியா மின்பணி:

2023 பெப்ரவரியில் இலங்கையில் மின்கட்டணம் 66 சதவீதம் ஏறியது நினைவிருக்கும். நான் பராமரிப்புப் பார்க்கும் பயிற்சி நிலையத்தின் முகாமையாளர் அடுத்த மாதப் பட்டியலைக் கையில் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார். வவுனியா நகருக்குச் சற்று வெளியே உள்ள இரண்டு மாடிக் கட்டடம் அது. "தம்பி, எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டேன். ஒரு அலகுகூடக் குறையவில்லையே" என்றார். சுவிட்ச் இருக்கும் இடமெல்லாம் தாள் ஒட்டியாயிற்று. மின்விசிறி நிறுத்தியதற்காக இரண்டு ஆசிரியர்கள் சண்டை பிடித்ததும் நடந்தாயிற்று.

மாதப் பட்டியலை வைத்துக்கொண்டு காரணம் தேட முடியாது. முப்பது பகலும் முப்பது இரவும் ஒரே எண்ணுக்குள் கிடக்கின்றன. ஆகவே பிரதான மின்பலகையில் மூன்று பேஸுக்கும், அதாவது மின்சாரம் வரும் மூன்று கம்பிகளுக்கும், மின்னோட்டத்தை அளக்கும் மூன்று கவ்வி உணரிகளை மாட்டினேன். கம்பியை வெட்ட வேண்டியதில்லை. கொடியில் காயும் துணிக்குக் கிளிப் போடுவது போல அது கம்பியைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும். மின்னழுத்தத்தை அளக்க ஒரு சிறு மாற்றி, அளவுகளைப் பதிவுசெய்ய ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சில்லு, ஒரு நினைவட்டை. நிமிடத்துக்கு ஒரு பதிவு. ஒரு கிழமை கழித்து அட்டையைக் கழற்றி, எக்செலில் 15 நிமிடச் சராசரியாக வரைந்து பார்த்தேன்.

பகலில் மேடு, எதிர்பார்த்ததுதான். ஞாயிறு அதிகாலை இரண்டு மணியைப் பார்த்தபோதுதான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, 4.1 கிலோவாட் போய்க்கொண்டிருக்கிறது. கிழமைக்கு 168 மணித்தியாலம். நிலையம் திறந்திருப்பது 50 மணித்தியாலம். ஒரு கிலோவாட் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் அலகு. மீதி 118ஐ 4.1ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஒருவரும் இல்லாத கட்டடத்துக்குக் கிழமைக்கு 480 அலகுக்கு மேல்!

அடுத்த சனி இரவு காவலாளி ஐயா டோர்ச் பிடிக்க, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். கணினி அறையில் இருபது கணினிகளும் நிறுத்தப்படாமல் திரை மட்டும் இருண்டு கிடந்தன. இரண்டு குளிர்நீர் இயந்திரங்கள் யாருக்காகவோ இரவு முழுவதும் தண்ணீரைக் குளிர்வித்துக்கொண்டிருந்தன. நடைபாதை விளக்குகள் எரிந்தன. சேர்வர் அறைக் குளிரூட்டி 18 பாகையில் நின்றது. இவற்றையெல்லாம் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். வரைபடம் வரும் வரைக்கும் எவரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. நிமிடப் பதிவில் சீப்புப் பல்லைப் போல ஒரு வரிசை: நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை 1.1 கிலோவாட் ஏறும், ஆறு நிமிடம் நிற்கும், இறங்கும். விடியும் வரை இதே ஒழுங்கு.

"ஐயா, இரவில் தண்ணீர் மோட்டரைப் போடுகிறீர்களா?"

"நான் போடுவதில்லை. அதுவாகத்தான் போட்டுப் போட்டு நிற்கும்."

"எவ்வளவு காலமாக?"

"போன சிறுபோகத்திலிருந்து இருக்கும்."

"ஏன் ஐயா சொல்லவில்லை?"

"ஒருவரும் கேட்கவில்லையே, தம்பி."

மேல்மாடிக் கழிப்பறைத் தொட்டியின் அடி ரப்பர் தேய்ந்து தண்ணீர் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. தாங்கியில் மட்டம் இறங்க, மிதவை சுவிட்ச் மோட்டரை எழுப்பிவிடும். அலகுக் கணக்கில் இது சிறியது; கணினிகளே பெரிய தீனிக்காரர்கள். ஆனால் கோடையில் நிலைய வளவுக் கிணறு வற்றி பவுசரில் தண்ணீர் எடுத்த காசை நினைத்தபோது முகாமையாளருக்கு ரப்பர்தான் வலித்தது.

இவற்றையெல்லாம் சரிசெய்தபின் இப்போது இரவுச் சுமை 1.6 கிலோவாட். மாதத்துக்கு ஏறத்தாழ 1,200 அலகு குறைந்திருக்கிறது. புதிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. உங்களுக்கு என்ன அகப்பட்டது?

மாங்குளம் விடுதிக்காரன்:

ஆடி, ஆவணியில் வெளிநாட்டு உறவுகள் வந்தால் எங்கள் பத்து அறைகளும் நிரம்பும். பட்டியல் வந்ததும் பழியை விருந்தினர் மேல் போடுவது எனக்குப் பழக்கம்: குளிரூட்டியை 16இல் வைத்துவிட்டு யன்னலைத் திறந்து வைக்கிறார்கள் என்று. மருமகன் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சிறு மின்மானி பொருத்தி, அலகை ஆள் தங்கிய இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்தான். பத்தும் ஒரே வகைக் குளிரூட்டி, ஒரே ஆண்டில் வாங்கியவை. எட்டு அறைகள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே அளவு. 7ஆம், 8ஆம் அறைகள் மட்டும் மற்றவற்றைப் போல ஒன்றரை மடங்கு. யார் தங்கினாலும் அப்படித்தான், சிக்கனமான எங்கள் பெரியம்மா தங்கினாலும்.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். அந்த இரண்டின் வெளிப்பெட்டிகளும் ஏ9 வீதிப் பக்கம், மேற்கே பார்த்தபடி. தகட்டு இடுக்குகளில் செம்மண் தூசியும் நெற்சுணையும் சேர்ந்து கம்பளிபோல் அப்பியிருந்தன. காலபோக அறுவடை முடிந்ததும் வீதியோரம் நெல்லைக் காயவிடுவார்கள் அல்லவா, அந்தச் சுணை. உள்ளே உறிஞ்சிய வெப்பத்தை வெளியே விட வழியில்லாமல் கொம்பிரசர் நிற்காமல் ஓடியிருக்கிறது. தண்ணீர் பீச்சிக் கழுவினோம். 8 சரியாகிவிட்டது. 7 பாதிதான் இறங்கியது. அதன் முன்னால் இரண்டடி தள்ளி நான்தான் ஒரு தகர மறைப்பு அடித்திருந்தேன், அழகுக்கு! விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. மறைப்பைக் கழற்றியாயிற்று. விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

கணக்கு மேசை:

நான் பொறியியல் படித்தவள் அல்ல, கணக்காளர். மூன்று மாடி வணிகக் கட்டடம், 42 கேவிஏக்கு மேற்பட்ட இணைப்பு. எங்கள் பட்டியலில் பகல் 5.30 முதல் 18.30 வரை, உச்சம் 18.30 முதல் 22.30 வரை, அதன்பின் விடியற்காலை 5.30 வரை என்று அலகு மூன்றாகப் பிரிந்து வரும். அதற்குக் கீழே ஒரு வரி: அதிகூடிய கேள்வி, அதாவது ஆகக் கூடிய மின்தேவை, கேவிஏயில். மாதம் முழுவதிலும் எந்த 15 நிமிடத்தில் ஆகக் கூடுதலாக இழுத்தோமோ அந்த ஒரு கால் மணித்தியாலத்தை வைத்து மாதம் முழுவதற்கும் கட்டணம். எங்களுக்கு 96 கேவிஏ என்று வந்துகொண்டிருந்தது.

எல்லோரும் சொன்ன காரணம் மாலை நேரம், கடை விளக்குகள். மானியிலிருந்து கால் மணித்தியாலப் பதிவுகளை எடுத்துப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். முதல் ஐந்தில் ஒன்றுகூட மாலை இல்லை. நான்கு, பிற்பகல் ஒன்றரைக்கும் மூன்றுக்கும் இடையில், வெவ்வேறு நாட்களில். அந்தத் திகதிகளை நாட்குறிப்போடு ஒப்பிட்டபோது நான்கும் மின்சாரம் போய் வந்த நாட்கள். எங்கள் ஜெனரேட்டர் விளக்குக்கும் கணினிக்கும் மட்டும். மின்சாரம் இல்லாத ஒரு மணித்தியாலத்தில் மூன்று மாடியும் வெந்துவிடும். வந்த நொடியே எல்லாக் குளிரூட்டிகளும் தாமாகவே எழுந்து, முழு மூச்சில் அரை மணித்தியாலம் ஓடும். அதோடு தண்ணீர் மோட்டர், மின்தூக்கி. ஒரு பிற்பகலின் அவசரத்துக்கு முப்பது நாள் தண்டம்.

இப்போது மின்சாரம் வந்தபின் குளிரூட்டிகளைப் போட மாடிக்குப் பத்து நிமிட இடைவெளி. நேரக் கணிப்பி பொருத்தினோம், அது இயங்காவிட்டால் காவலாளி தம்பி கையால் போடுவார். 96 என்பது 78 ஆகியிருக்கிறது.

வவுனியா மின்பணி:

அக்கா, 78 கேவிஏ வந்த அந்தக் கால் மணித்தியாலத்தில் கிலோவாட் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல: கேவிஏ கம்பி வழியே இழுப்பது, கிலோவாட் அதில் வேலையாக மாறுவது.

கணக்கு மேசை:

60.

வவுனியா மின்பணி:

அப்படியானால் திறன் காரணி, அதாவது 60ஐ 78ஆல் வகுத்தது, 0.77. அதை உயர்த்துவதற்கான கொப்பாசிற்றர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். நிறுத்திய பின்னும் அதற்குள் மின்னேற்றம் இருக்கும்.

கணக்கு மேசை:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். ஆறில் நான்கு செத்துக் கிடந்தன, ஒன்று ஊதிப் பருத்துத் தலை வெடித்திருந்தது. பெட்டியின் கதவில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் திருப்தியாக இருந்திருக்கிறோம். மாற்றியபின் 63 கேவிஏ.

கிளிநொச்சிப் பொறியியலாளர்:

நான் அவமானப்பட்ட கதையைச் சொல்கிறேன்.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் சேமிப்பு வேலை செய்தோம். வெப்பநிலை ஒழுங்கை மாற்றினோம், மேற்குச் சுவருக்கு நிழற்பந்தல் போட்டோம், நேர அட்டவணை கொடுத்தோம். ஆவணியில் தொடங்கி மார்கழியில் அறிக்கை: 22 சதவீதம் மிச்சம். படம் எடுத்தார்கள், பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். பிறகு ஒரு கனிஷ்ட ஊழியர், நாளுக்கான சராசரி வெப்பநிலையைக் கிடைக்கோட்டிலும் அன்றைய அலகை நிலைக்கோட்டிலும் வைத்து ஒவ்வொரு நாளையும் ஒரு புள்ளியாகக் குத்திக் காட்டினார். கச்சான் காற்று வீசும் நாட்கள் வலது மேல் மூலையில், மாரி நாட்கள் இடது கீழே. பழைய புள்ளிகளும் புதிய புள்ளிகளும் அநேகமாக ஒரே சாய்கோட்டில்! ஆவணி வெயிலையும் மார்கழி மழையையும் பக்கத்தில் வைத்து வெற்றி அறிவித்திருந்தோம். ஒரே வெப்பநிலை நாட்களை ஒப்பிட்டபோது உண்மையான மிச்சம் 6 சதவீதம். பொன்னாடையைத் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல காலம்.

வேலை தொடங்குமுன் குறைந்தது ஒரு மாரியும் ஒரு கோடையும் அளந்து வைக்காதவர் சொல்லும் சதவீதத்தை இப்போது நான் நம்புவதில்லை, என்னுடையதையும் சேர்த்து.

இன்னொன்று, சிரிக்கலாம். மின்வெட்டு வந்தால் மலிவான பதிவுக்கருவிகள் நேரத்தை மறந்துவிடும். எழுந்ததும் தங்கள் கடிகாரத்தின் பூச்சியப் புள்ளியிலிருந்து, அதாவது உலக நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, எண்ணத் தொடங்கும். எங்கள் தரவில் 1970 ஜனவரி 1, அதிகாலை 5.30க்கு ஒரு குளிரூட்டி ஓடியதாகப் பதிவு. அந்த இடத்தில் அப்போது கட்டடமே இல்லை. இலங்கை நேரம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்பதால் அந்த 5.30. பொத்தான் பற்றரி போட்ட கடிகாரத் துண்டு ஒன்றைச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது எங்கள் கருவி ஒரே மாதத்தில் 1970க்கு நாற்பது தடவைக்கு மேல் போய் வந்தது.

முல்லைத்தீவிலிருந்து:

இதையெல்லாம் வாசிப்பவர்கள் இரவில் பிரேக்கரை இறக்கிவிட நினைக்கலாம். கொஞ்சம் நில்லுங்கள்.

எங்கள் பகுதியில் ஒரு சிறிய சுகாதார நிலையம். வெள்ளி மாலை போகுமுன் தேவையற்ற இணைப்புகளை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. புதிதாக வந்த உதவியாளர் ஒழுங்கானவர். பலகையில் 'ஓய்வறை' என்று எழுதியிருந்ததை இறக்கிவிட்டுப் போனார். பல ஆண்டுகளுக்கு முன் அந்த அறையின் சுவரை உடைத்துப் பெரிதாக்கியபோது தடுப்பூசிக் குளிர்பெட்டியையும் அதே இணைப்பில் கொடுத்திருந்தார்கள். தடுப்பூசி 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். சனி காலை தாதி வந்து வெப்பநிலைப் பதிவைப் பார்த்தபோது கோடு இரவு ஒன்பது மணியிலிருந்து ஏறத் தொடங்கி 11 பாகையில் நின்றது. உதவியாளர் அழுதேவிட்டார். பிழை அவருடையதா? அந்தப் பெயரைத் திருத்தாமல் விட்டவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை.

முதலில் பலகையில் எழுதியிருப்பதும் சுவருக்குப் பின்னால் போவதும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு சேமிக்கலாம்.

வவுனியா மின்பணி:

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எங்கள் பலகையிலும் மூன்று பெயர்கள் பிழை.

புதுக்குடியிருப்பு இரவுக் காவல்:

நான் எழுதலாமா தெரியாது, மகள் தட்டச்சுச் செய்து தருகிறாள். எங்கள் இடத்திலும் இப்படிக் கருவி போட்டார்கள். ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டுத் திரையில் ஒரு முள்ளைக் காட்டினார்கள். தினமும் இரவு எட்டரைக்கு ஒரு முள். "இது என்ன?" என்றார்கள். சோறு காய்ச்சுகிறேன் என்றேன். விளக்கக் கடிதம் கேட்டார்கள்.

மகள் கணக்குப் பார்த்தாள். என் சோற்றுப் பானை 700 வாட், இருபத்தைந்து நிமிடம். கால் அலகுக்குச் சற்று மேல். அதே திரையில் பகல் முழுவதும் ஒரு மேடு சமதரையாக ஓடியது. பெரியவர் கிளிநொச்சிக்குக் கூட்டத்துக்குப் போன நாள் அது, அவருடைய அறைக் குளிரூட்டி காலை எட்டிலிருந்து மாலை நான்கரை வரை வெறும் கதிரைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்தேன், இரண்டு கணக்கையும் எழுதி. பதில் வரவில்லை. சோறு இப்போதும் அங்கேதான் காய்ச்சுகிறேன்.

கிளிநொச்சிப் பொறியியலாளர்:

ஐயா, அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று கிடைக்குமா? நான் எடுக்கும் பயிற்சி வகுப்பில் பெயர், இடம் இல்லாமல் வாசிக்க விருப்பம்.

வவுனியா மின்பணி:

சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள்: கவ்வி உணரியை நாங்களே மாட்டலாமா என்று. பிரதான பலகையின் மூடியைக் கழற்றினால் மின்சாரம் உள்ள செப்புக் கட்டைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அனுமதி பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள், அரை மணித்தியால வேலை. மாட்டியதும் ஒரு தெரிந்த சுமையைப் போட்டுச் சரிபாருங்கள். 2,000 வாட் கேத்தலைப் போட்டால் திரையில் 2,000 அளவில் ஏற வேண்டும். ஏறாமல் இறங்கினால் கவ்வி தலைகீழாக மாட்டியிருக்கிறது.

எங்கள் 1.6 கிலோவாட்டில் 1.3க்கு விளக்கம் இருக்கிறது: சேர்வரும் அதன் குளிரூட்டியும், கமராக்கள், வாசல் விளக்கு, ஒரு குளிர்பெட்டி. மீதி 300 வாட் எங்கே போகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. வரும் போயா நாளில் நிலையம் பூட்டு. காவலாளி ஐயாவிடம் இம்முறை முதலிலேயே கேட்டுவிட்டேன். மேல்மாடிக் களஞ்சிய அறைக்குள் ஏதோ மெல்ல இரைகிறதாம்; திறப்பு யாரிடம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.