கருணைக்கொலை: மருத்துவர்கள், செவிலியர்களின் கருத்து தேவை

வணக்கம் நண்பர்களே. செவிலியர் படிப்பில் இறுதியாண்டு ஆய்வுக்கு, நோயாளியே விரும்பிக் கேட்கும் கருணைக்கொலை பற்றி மருத்துவத் துறையினர் என்ன நினைக்கிறார்கள் என்பதை எடுத்திருக்கிறேன். நெதர்லாந்தில் 2002-லேயே அதை அனுமதிக்கும் சட்டம் வந்துவிட்டது. உலக மருத்துவச் சங்கம் 2019-லும் எதிர்ப்பைத்தான் சொன்னது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமோ 2021-ல் நடுநிலைக்கு மாறியது. அறிக்கைகள் சரி, படுக்கையருகே நிற்பவர்கள் சொல்வதுதான் எனக்கு முக்கியம். "போதும்மா, என்னை அனுப்பிடு" என்று நோயாளி கையைப் பிடித்துக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? அப்புறம் அடுத்த ஊசியைப் போடும்போது மனம் என்ன பாடுபடும்?

வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் அவசியம் எழுதுங்கள். பிரிட்டனில் அவர்களிடம்தான் எதிர்ப்பு அதிகம். காரணத்தை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். நோயாளியின் பெயர், அடையாளம் வேண்டாம். தனிச்செய்தியிலும் அனுப்பலாம்.