காபித்தூள் ஒட்டியிருந்த சாக்ஸ்

என் மகனுக்கு எட்டு வயசு. போன மாசம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் சாக்ஸைக் கழற்றவே இல்லை. "கால் ஜில்லுன்னு இருக்கும்மா"ன்னான், நல்ல பங்குனி வெயில்ல. மறுநாள் "நானே குளிச்சுக்கறேன்"னு கதவைச் சாத்திக்கிட்டான். பையன் வளர்ந்துட்டான்னு எனக்கு சந்தோஷம்.

நாலாம் நாள் துணி ஊறப்போடும்போது வலது சாக்ஸோட உள்பக்கம் கருப்பா, மொறமொறன்னு ஏதோ அப்பியிருந்துச்சு. மோந்து பார்த்தேன். காபித்தூள். வெட்டுக்காயத்துக்கு என் மாமியார் அதைத்தான் வச்சு அழுத்துவாங்க. பார்த்து வச்சிருக்கான்.

தூங்கிட்டிருந்தவன் கால்சட்டையைத் தூக்கினா கெண்டைக்கால்ல ரெண்டு பல் இறங்கின காயம். எழுப்பிக் கேட்டேன். "ஆணி குத்திடுச்சு." திரும்பக் கேட்டேன். "அடிக்க மாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு, சொல்றேன்." பண்ணினேன். ரேஷன் கடைக்குப் பின்னால இருக்கிற நாய்க்குட்டி. கிட்டப் போகாதேன்னு நான் எத்தனையோ தடவை சொன்ன அதே குட்டி. பிஸ்கட் கொடுக்கப் போயிருக்கான்.

ரெண்டு வாரம் முன்னாடி தண்ணி பாட்டிலைத் தொலைச்சதுக்கு அவங்க அப்பா ஸ்கேலால அடிச்சிருந்தார். ஆனா அவர் வர்ற வரைக்கும், "அப்பா வரட்டும், சொல்றேன்"னு சாயந்திரம் முழுக்க அவனை நடுங்க வச்சது நான். நாலு நாள் அந்தக் காலோட அவன் விளையாடியிருக்கான், சாப்பிட்டிருக்கான், என் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கான். வெறிநாய்க்கடியோட அறிகுறி வந்துட்டா அநேகமா உயிர் பிழைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஸ்கேல்.

ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் திட்டல. "நாலு நாள் ஆனாலும் வந்தீங்களே, அதுவே நல்லது"ன்னார். சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணியில 15 நிமிஷம் கழுவச் சொன்னார். காபித்தூள் கரைஞ்சு போகப் போகத்தான் காயம் எவ்வளவு ஆழம்னு தெரிஞ்சது. ரெண்டு கைலயும் தடுப்பூசி. முதல் நாள், 3, 7, அப்புறம் 28-ஆம் நாள். ரத்தம் வந்த கடிங்கறதால அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, காயத்தைச் சுத்தியே இம்யூனோகுளோபுலின்னு, கிருமியை உடனே எதிர்க்கிற மருந்தைப் போட்டாங்க. அதுக்குத்தான் கத்தினான்.

உங்க வீட்டுல இப்படி நடந்திருந்தா எழுதுங்க.

* * *

நான் நர்ஸ். ஊசி அறையில 11 வருஷம். பெத்தவங்க கூட இருந்தா பிள்ளைங்க "முள் கீறிடுச்சு"ன்னுதான் சொல்லும். அதனால அம்மாவைச் சீட்டு வாங்க அனுப்பிட்டு, "கடிச்சுதா?"ன்னு கேட்காம, "அந்த நாய் என்ன கலரு?"ன்னு கேட்பேன். உடனே "செவலை"ன்னு வந்துடும்.

ஒரு பொண்ணு, ஆறு வயசு இருக்கும். கன்னத்துல பூனை நகம் பட்டதை பவுடர் பூசி மறைச்சிருந்தது. பூனைக் கீறலுக்கும் ஊசி வேணும். குட்டி நாயாச்சேன்னும் விடக்கூடாது. வெறிநாய் எனச் சந்தேகப்படும் பிராணிங்ககிட்ட கடிபடுறவங்கள்ல 40 சதவீதம் பேர் 15 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கடிச்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சுக்கூட நோய் வரலாம். அதுக்குள்ள பிள்ளை கடியையே மறந்திருக்கும். காபித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீங்கம்மா, கழுவுங்க. தழும்பைப் பார்த்தா கோபம் வரும்தான். அந்தக் கோபத்தை ஊசி போட்டு முடிக்கிற வரைக்குமாவது வெளியில காட்டாதீங்க.

* * *

எனக்கு 61 வயசு. எங்க காலத்துல தொப்புளைச் சுத்தி 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரிச்ச மருந்து. குன்னூர் பாஸ்டர் நிலையத்துலயும் செஞ்சாங்க. அப்பா கைப் பிரம்பு ஒருபக்கம், அந்த 14 ஊசி இன்னொரு பக்கம். நாய் கடிச்சதை ரெண்டு நாள் நான் வாயே திறக்கல. அக்கா கண்டுபிடிச்சு அப்பாகிட்ட போய், "தம்பியை நான்தான் கடைக்கு அனுப்பினேன், என்னை அடிங்க"ன்னு நின்னுச்சு. அது அனுப்பவே இல்லை. அடியும் அதுதான் வாங்குச்சு. 14 நாளும் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனதும் அதுதான்.

* * *

எல்லாருக்கும் நன்றி. அந்தக் குட்டியை பத்து நாள் கவனிக்கச் சொன்னாங்க. போய்ப் பார்த்தோம், அங்கே இல்லை. ரேஷன் கடைக்காரருக்கும் தெரியல. வர்ற வியாழக்கிழமை 28-ஆம் நாள் ஊசி. அவங்க அப்பாவே லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார். நானும் வரணும்னு பையன் சொல்றான். மூணு பேரும் போறோம்.