எம்சிஎஃப்-7: எஸ்ட்ரடையால் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே வளர்ச்சி, ஏன்?

குழி24:
பிஸ்பினால்-ஏ (பிபிஏ, பிளாஸ்டிக்கில் வரும் வேதிப்பொருள்) மார்பகப் புற்றுநோய் செல்களைப் பெருக்குகிறதா என்று பார்க்க, அந்தப் புற்றுநோயின் எம்சிஎஃப்-7 செல்களில் ஆறு நாள் சோதனை. ஃபீனால் ரெட் (நிறங்காட்டிச் சாயம்) உள்ள டிஎம்இஎம் என்ற வளர்ப்பு மீடியா, 10% சாதாரண எஃப்பிஎஸ் (கன்றுக்கரு சீரம்), இன்சுலின், 24 குழி பிளேட். எஸ்ட்ரடையால் (எஸ்ட்ரோஜன் ஹார்மோன்) 1 நானோமோலார் போட்ட குழியும், கரைப்பானான வெறும் எத்தனால் மட்டும் போட்ட கன்ட்ரோல் குழியும் ஒரே அளவு. பிஸ்பினால் 1 மைக்ரோமோலாரிலும் அதேதான். 100 மைக்ரோமோலாரில் எம்டிடி (உயிருள்ள செல்லை நிறத்தால் காட்டும் சோதனை) அளவு சரிகிறது. பிஸ்பினாலுக்கு எஸ்ட்ரோஜன் குணம் இல்லை என்று எழுதலாமா?

சீரம்பிரியர்:
எழுதாதீங்க. எஸ்ட்ரடையாலுக்கே அசையாத பிளேட் பிஸ்பினாலைப் பற்றி எதுவும் சொல்லாது.

உங்கள் கன்ட்ரோல் குழி ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடுகிறது. எம்சிஎஃப்-7க்குப் பத்து, நூறு பிகோமோலார் எஸ்ட்ரடையாலே தாராளம். அதில் ஒரு பங்கு சீரத்திலேயே வந்துவிடுகிறது. ஃபீனால் ரெட்டும் இந்தச் செல்களைத் தூண்டும் என்பது 1986லேயே வெளியான விஷயம். இன்சுலின் வேறு தன் வழியில் செல்லைப் பெருக்கும். மூன்றையும் மாற்றுங்க: ஃபீனால் ரெட் இல்லாத மீடியா, கரி-டெக்ஸ்ட்ரான் கொண்டு ஹார்மோன் நீக்கிய சீரம் 5%, இன்சுலின் வேண்டாம்.

குழிக்கு 20,000 செல் வழக்கமான மீடியாவில் போட்டு ஒட்டவிடுங்க. மறுநாள் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவி, ஹார்மோன் நீக்கிய மீடியாவில் 48 முதல் 72 மணி நேரம் பட்டினி. செல்லுக்குள் தங்கிய ஸ்டீராய்டு மெல்லத்தான் வெளியேறும், அதனால் மீடியாவைத் தினமும் மாற்றணும். பிறகுதான் மருந்து.

சீரம் லாட்டுக்கு லாட் மாறும். ஒரே லாட்டை மொத்தமாக வாங்கி, எஸ்ட்ரடையாலுக்குப் பல மடங்கு பெருக்கம் வருகிறதா என்று முதலில் பாருங்க.

கண்ணாடிக்குப்பி:
ஸ்டாக்: 2.28 மி.கி. பிஸ்பினால் ஒரு மி.லி. எத்தனாலில், அது 10 மில்லிமோலார். எல்லா நீர்த்தலையும் எத்தனாலிலேயே செய்து ஒவ்வொரு குழிக்கும் 0.1% மட்டும் சேர்த்தால் கரைப்பான் அளவு எங்கும் சமம். மீடியாவில் நீர்த்தால் அது குழப்பமாகும்.

ஸ்டாக் கண்ணாடியில் இருக்கட்டும். பாலிகார்பனேட் குடுவையை ஆட்டோகிளேவ் செய்தால் தண்ணீரில் பிஸ்பினால் கசியும். ஸ்டான்ஃபோர்டு குழு 1993ல் காட்டியது அதைத்தான். அதற்கு முன் 1991ல் டஃப்ட்ஸில் சோட்டோவும் சோனன்ஷைனும், எதுவும் சேர்க்காத செல்கள் பெருகுவதைத் துரத்திப் போய், பாலிஸ்டைரீன் குழாயிலிருந்து வந்த நோனைல்ஃபீனாலைக் கண்டார்கள். கன்ட்ரோல் குழி பொய் சொன்னால் குழாயையும் சந்தேகிக்கணும்.

ஏற்பி:
100 மைக்ரோமோலாரில் நடப்பது வெறும் நச்சு, ஹார்மோன் வேலை இல்லை. பிஸ்பினால் எஸ்ட்ரோஜன் ஏற்பியில் (ஹார்மோன் ஒட்டும் செல் புரதம்) ஒட்டும் வலிமை எஸ்ட்ரடையாலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. 10 நானோமோலாரிலிருந்து 10 மைக்ரோமோலார் வரை படிப்படியாக வையுங்க. எம்டிடி வளர்சிதை மாற்றத்தைத்தான் அளக்கும். பெருக்கத்துக்கு டிஎன்ஏ அளவோ நேரடி எண்ணிக்கையோ வேணும்.

பெருக்கம் வந்தாலும், எஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் ஃபுல்வெஸ்ட்ரான்ட் 100 நானோமோலார் சேர்த்த குழியில் அது அடங்கணும். அடங்காவிட்டால் அது எஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா வழியில்லை. அந்த ஏற்பி இல்லாத எம்டிஏ-எம்பி-231 செல்களையும் பக்கத்தில் ஓட்டுங்க. எஸ்ட்ரோஜன் தூண்டும் பிஎஸ்2 மரபணு 24 மணி நேரத்தில் ஏறுகிறதா என்று க்யூபிசிஆரில் (மரபணுச் செயல்பாட்டை அளக்கும் முறை) பார்த்தால் ஆறு நாள் காத்திருக்காமலே பாதி பதில் கிடைக்கும்.

கட்டுரையில் ஒரு வரி கவனம்: வாய்வழி போன பிஸ்பினாலில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் குளுகுரோனைடாக மாறும், அது ஏற்பியில் ஒட்டாது. பிளேட்டில் போட்ட மைக்ரோமோலாரை அப்படியே மனித உடம்புக்கு எழுதிவிடாதீங்க.

குழி24:
புரிகிறது. "பிபிஏ இல்லாதது" என்று விற்கும் பாட்டில்களில் வரும் பிஸ்பினால்-எஸ்ஸையும் இதே பிளேட்டில் வைக்கலாமா?

ஏற்பி:
வையுங்க. அதுவும் எஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தூண்டும். ஃபுல்வெஸ்ட்ரான்ட் குழியை அதற்கும் தனியாக ஒதுக்குங்க.