ஆஃப்தால்மோபிளீஜியா: ‘கண் தசை வாதம்’ வேண்டாம் என்கிறேன்

வணக்கம். கண்ணை அசைக்க முடியாமல் போகும் ஆஃப்தால்மோபிளீஜியாவுக்குத் தமிழ்ச்சொல்லாக ‘கண் தசை வாதம்’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். பக்கவாதம், முகவாதம் எல்லாம் புழக்கத்தில் இருப்பதால் ‘வாதம்’ இருக்கட்டும், சித்த மருத்துவத்தின் வாதத்தோடு குழம்பும் என்ற கவலை எனக்கில்லை. ‘தசை’தான் இடிக்கிறது.

ஒவ்வொரு கண்ணையும் அசைப்பவை ஆறு தசைகள், அவற்றை இயக்குபவை மூன்று மண்டை நரம்புகள். தசை நன்றாகவே இருந்து நரம்பு கெட்டாலும் கண் அசையாது. ஆறாவது நரம்பு செயலிழந்தால் கண் வெளிப்பக்கம் திரும்பாது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். மண்டைக்குள் அழுத்தம் கூடினாலே இது வரலாம். மூன்றாவது நரம்பு என்றால் இமை தொங்கும், கண் கீழும் வெளியுமாக ஒதுங்கும். கூடவே கண்மணியும் விரிந்திருந்தால் மூளைத் தமனி வீக்கம் ஏதும் நரம்பை அழுத்துகிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும், அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இந்த நிலையில் இருப்பவரிடம் ‘தசை’ என்று சொன்னால் சுளுக்கு என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவார். அப்புறம் தயமின் (வைட்டமின் பி1) குறைவால் வரும் வெர்னிக்கி நோய். அதில் கோளாறு மூளைக்குள்ளேயே இருக்கிறது.

அதனால் ‘விழியசைவு வாதம்’ என்று வைக்கலாம். காரணம் எங்கே இருந்தாலும் பொருந்தும். அசைவு முழுதும் போகாமல் குறைந்து மட்டும் இருந்தால் ‘விழியசைவுத் தளர்ச்சி’.

இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரு திசையில் பார்க்க முடியாமல் போவது வேறு, அதற்கு ‘நோக்கு வாதம்’ என்று தனிச்சொல் தேவை. 1964இல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி மூவரும் விவரித்த ‘புரோகிரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி’ என்ற மூளை நோயை எடுத்துக்கொள்ளுங்கள்: நோயாளியால் தானாகக் கீழே பார்க்க முடியாது, ஆனால் ஒரு பொருளையே பார்க்கச் சொல்லி மருத்துவர் தலையைப் பின்னால் சாய்த்தால் கண்கள் கீழே போகும். நரம்பும் தசையும் வேலை செய்கின்றன, மேலிருந்து வரவேண்டிய கட்டளைதான் வரவில்லை. சுப்ராநியூக்ளியர் (நரம்புக் கருவுக்கு, அதாவது கண் நரம்பு தொடங்கும் மூளைத்தண்டு நரம்பணுக் கூட்டத்துக்கு, மேலே) என்பது இதைத்தான். இதை ‘மேல்நிலை நோக்கு வாதம்’ என்றால் மேல்நோக்கிப் பார்க்க முடியாத நோய் என்று படிப்பார்கள், அப்படியும் ஒரு கோளாறு தனியாக இருக்கிறது. நரம்புக் கருவுக்கு முந்தைய இடத்தில் பழுது என்பதால் ‘கருமுன் நோக்கு வாதம்’ என்கிறேன். இதே வழியில், இரண்டு கருக்களுக்கு இடையிலான இணைப்பு பழுதாகும் இன்டர்நியூக்ளியருக்குக் ‘கருவிடை விழியசைவு வாதம்’ வரும். ‘கரு’ என்றதும் கர்ப்பம் நினைவுக்கு வருமோ என்று மட்டும் யோசிக்கிறேன், ‘நரம்புக்கரு’ என்றே நீட்டிவிடலாமா?