திருநங்கை, அறிவுசார் குறைபாடு: நேராகப் பேசிப் பரிசோதிக்கும் மருத்துவர் தேவை

தொண்டி பக்கம், 24 வயது. பத்து நாளாகச் சிறுநீர் எரிச்சல், நேற்றிலிருந்து குளிர்க்காய்ச்சல். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிடுமோ என்பதுதான் பயம். ஓபியில் கேள்வியெல்லாம் அம்மாவிடம்தான். பழைய பெயரை உரக்கக் கூப்பிடுகிறார்கள். "புத்தி வளராததால் வந்த பழக்கம்" என்று மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்களே தவிர, சிறுநீர்ப் பரிசோதனைகூட எழுதவில்லை. எல்லோர் முன்னும் உடுப்பை விலக்கச் சொன்னால் மிரண்டு வெளியேறுகிறார். அதற்குச் சீட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று குறிப்பு!

கூப்பிடும் பெயரும் வலிகாட்டும் படங்களும் உள்ள ஒரு பக்கத் தாள், யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை, கூட்டமில்லாத நேரம் கேட்டது, 104 மருத்துவ உதவி எண்ணில் புகார் எல்லாம் செய்தாயிற்று. பாலின அடையாளத்தை 'மாற்றும்' சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொன்னதையும் காட்டினோம். பலனில்லை.

ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை வட்டாரத்தில், அவரிடமே படம் காட்டிக் கேட்டு, தனியறையில் பரிசோதிக்கும் பொது மருத்துவர் யார், எந்தக் கிழமை இருப்பார்?