பிராட்சைட் பேலட்: ‘ஒற்றைத்தாள் பாட்டு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் ஒரே தாளில் அச்சடித்துத் தெருவில் விற்ற பாட்டுதான் ‘பிராட்சைட் பேலட்’. அதற்குத் தமிழில் ‘ஒற்றைத்தாள் பாட்டு’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை. அதற்கு வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘அகலத்தாள் கதைப்பாடல்’ என்று வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, இதில் இரண்டு பாதியுமே எனக்கு நெருடுகிறது. ‘பிராட்’ என்றதும் அகலம் போட்டுவிட்டீர்கள். ஆனால் இந்தத் தாளுக்கு அடையாளம் அகலம் இல்லை. ஒரே தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின்பக்கம் வெறுமை. அதனால்தான் மதுக்கடைச் சுவரில் ஒட்டிவைக்க முடிந்தது. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் விற்கிறவரே தெருவில் நின்று பாடிக்காட்டி, பென்னிக் கணக்கில் விற்றார். நாட்குறிப்பால் பெயர்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் சேர்த்து ஆல்பங்களில் ஒட்டிவைத்த 1,800க்கும் மேற்பட்ட தாள்கள் கேம்பிரிட்ஜில் இன்றும் இருக்கின்றன.

அடுத்தது ‘கதைப்பாடல்’. ‘இஸ்லிங்டன் பெய்லிஃப் (அதிகாரி) மகள்’ என்ற பாட்டுக்கு அது கச்சிதம். காதலன் ஏழு வருடம் லண்டனில் தொழில் பழகுகிறான். அவள் கந்தலை உடுத்துக்கொண்டு தேடிப் போகிறாள். வழியில் குதிரையில் வருகிற அந்தக் காதலனிடமே ஒரு பென்னி கேட்கிறாள். அவள் யாரென்று தெரியாமல் அவன் தன் காதலியைப் பற்றி விசாரிக்க, அவள் செத்து வெகுநாளாயிற்று என்கிறாள். அவன் தூரதேசம் போகிறேன் என்று உடைந்த பிறகுதான், இதோ உன் பக்கத்தில் உயிரோடு நிற்கிறேன் என்கிறாள். (ஏழு வருடம் காத்திருந்தவனுக்கு இப்படி ஒரு சோதனை!) ஆனால் வேறு பல காதல் தாள்களில் கதையே கிடையாது. அவன் கெஞ்சுவான், அவள் மறுப்பாள், மறுபடி கெஞ்சுவான். அதனால் வெறும் ‘பாட்டு’ போதும்.

‘குஜிலிப் பாட்டு’ என்றே சொல்லலாம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவை சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற மலிவான சிறு பாட்டுப் புத்தகங்கள், இது தாள், ஒட்டாது. ஆனால் அங்கிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்துத் தாள்களில் பெரும்பாலும் இசைக்குறிப்பு இருக்காது. தலைப்புக்குக் கீழே தெரிந்த பாட்டு ஒன்றின் பெயர் மட்டும் இருக்கும். குஜிலிப் புத்தகங்களில் ‘என்ற மெட்டு’ என்று போடுவது போலத்தான். ஆக, அங்கே வரும் ‘டியூன்’ என்பதற்கு ‘மெட்டு’.

> ஒற்றைத்தாள் சரி. ‘ஒருபக்கம்’ எங்கே போயிற்று? ‘ஒருபக்கப் பாட்டு’ என்றால் என்ன?

காதல் பாட்டு ஆயிற்றே, ஒருதலைக் காதல் என்று படித்துவிடுவார்கள்! ஒருபக்க அச்சை விளக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று. பாட்டுக்கு மேலே வரும் படம். ஒரே காதல் ஜோடி வெவ்வேறு பாட்டுகளின் தலையில் வந்து நிற்கும். படம் செதுக்கிய மரக்கட்டை கையில் இருந்தால் திரும்பத் திரும்ப அச்சடிப்பார்கள். அதற்கு ‘மரக்கட்டைப் படம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘மரச்செதுக்குப் படம்’ மேல் என்றால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.